எங்கள் வார்டு எல்லை இனியாவது சரியாகுமா?

கேள்வி: எங்கள் நகராட்சியில் 33 வார்டுகள். 2011 கணக்குப்படி மக்கள்தொகை ஏறக்குறைய 99,000. எங்கள் தெருவில் வடக்குப் பக்க வீடுகள் 14-ஆம் வார்டிலும் தெற்குப் பக்க வீடுகள் 15-ஆம் வார்டிலும் இருக்கின்றன. குழாய் உடைந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் இரண்டு கவுன்சிலர்களும் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள். எங்கள் 14-ஆம் வார்டில் 4,100 வாக்காளர்கள். கோயிலைச் சுற்றியுள்ள 6-ஆம் வார்டில் 1,900 பேர்தான். அவர்களுக்கும் ஒரு கவுன்சிலர், எங்களுக்கும் ஒரு கவுன்சிலர். எங்களுக்குப் பின்னால் 1,620 பேர் வசிக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்பை 14, 15, 17 என்று மூன்று வார்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தால் இவையெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? நீதிமன்றத்துக்குப் போகலாமா? பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.
— குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர்

பதில்: மதிப்புக்குரிய அம்மா, உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் இருக்கின்றன. முதலில் தெருவைச் சொல்லியிருக்கிறீர்கள், அடுத்து வாக்காளர் எண்ணிக்கையை, கடைசியில் குடியிருப்பை. நான் இந்த வரிசையைத் தலைகீழாக்குவேன். தெரு இரண்டாகப் பிரிந்திருப்பது அன்றாடத் தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் அதனால் யாருடைய வாக்கின் மதிப்பும் குறைந்துவிடவில்லை. குடியிருப்பை மூன்றாகப் பிரித்ததில் குறைந்திருக்கிறது. உங்கள் சங்கம் அலுவலகத்தின் படியேறப் போகிறது என்றால் அதற்காகத்தான் முதலில் ஏற வேண்டும்.

தானாகச் சரியாகுமா என்ற கேள்விக்கு விடை: ஆகாது. கணக்கெடுப்பு எண்களைத் தரும், எல்லைக்கோட்டை மாற்றாது. கோட்டை மாற்ற அரசு தனியாக ஆணை பிறப்பிக்க வேண்டும், அதிகாரிகள் வரைவு தயாரிக்க வேண்டும், மக்களிடம் ஆட்சேபம் கேட்க வேண்டும், பிறகு அரசிதழில் அறிவிக்க வேண்டும். இதில் எந்தப் படியிலும் வேலை நின்றுபோகலாம்.

காலக்கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16 அன்று வெளியானது. வீடுகளைப் பட்டியலிடுவது 2026-க்கு உரிய வேலை. ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். 2027 மார்ச் 1 தொடங்கும் நள்ளிரவுதான் கணக்கின் குறிப்பு நேரம். தமிழ்நாட்டின் இன்றைய நகர்ப்புற மன்றங்கள் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றவை. ஆக, அவற்றின் ஐந்தாண்டு முடிவதும் கணக்கெடுப்பு முடிவதும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் வருகின்றன. அரசியலமைப்பின் 243-பி (243P) பிரிவு, நகராட்சிகளைப் பொறுத்தவரை மக்கள்தொகை என்பது “எண்கள் வெளியிடப்பட்டுவிட்ட கடைசிக் கணக்கெடுப்பின்” மக்கள்தொகை என்கிறது. எண்ணி முடித்தால் மட்டும் போதாது, எண்கள் வெளியாகியிருக்க வேண்டும். ஆகவே புதிய எண்கள் வெளிவரும்வரை சட்டத்தின் பார்வையில் உங்கள் ஊர் 2011-இல்தான் இருக்கிறது. அதற்குள் தேர்தல் வந்தால் பழைய எண்களை வைத்துத்தான் வரும். நீங்கள் எதிர்பார்க்கும் பெரிய மறுவரையறை, அதாவது வார்டு எல்லைகளைப் புதிதாக வரைவது, அதற்குப் பிந்தைய சுற்று.

இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். ஆயத்தம் செய்ய உங்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. 2017-இல் தொடங்கிய கடந்த மறுவரையறையில் மக்களுக்குக் கிடைக்காமல் போனது அந்த நேரம்தான்.

இனி வாக்காளர் எண்ணிக்கை. உங்கள் வார்டில் 4,100, 6-ஆம் வார்டில் 1,900 என்று எழுதியிருக்கிறீர்கள். மனுவில் இந்த எண்களை மட்டும் போட்டால் அதிகாரி ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிடுவார். வார்டு வரையப்படுவது வாக்காளர்களை வைத்து அன்று, மக்கள்தொகையை வைத்து. கைக்குழந்தையும் கணக்கில் உண்டு, வாக்குரிமை இல்லாதவரும் உண்டு. கவுன்சிலர் தமக்கு வாக்களித்தவர்களுக்கு மட்டும் குடிநீர் தருவதில்லையே. ஆகவே அந்த அடிப்படை சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

நீங்கள் இணைத்திருந்த பழைய மறுவரையறைப் பட்டியலின் நகலைப் பார்த்தேன். அதில் 14-ஆம் வார்டின் மக்கள்தொகை 3,120. 6-ஆம் வார்டு 2,790. 99,000 பேரை 33 வார்டுகளுக்குப் பங்கிட்டால் சராசரி 3,000. இதில் பத்து சதவீதம் கூடலாம், பத்து சதவீதம் குறையலாம் என்பது வழக்கமாகப் பின்பற்றப்படும் வரம்பு. அதாவது 2,700-க்கும் 3,300-க்கும் இடையில் இருக்க வேண்டும். உங்கள் இரண்டு வார்டுகளும் அதற்குள் அடங்குகின்றன. ஆக, வரைந்த அன்று அந்தக் கோடு முறைப்படி சரி. பிறகு ஏரிக்கரையை ஒட்டிய வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகி, உங்கள் பக்கம் ஊதிப்போனது. கோயில் வீதிகளில் வீடுகள் கடைகளாகவும் கிடங்குகளாகவும் மாறி, குடியிருப்பவர்கள் குறைந்தார்கள். 2011-இன் எண்களை வைத்துக்கொண்டு 2022-இல் தேர்தல் நடத்தினால் இப்படித்தான் ஆகும். இது உங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்த அநீதி அன்று. நகரங்கள் விளிம்புகளில்தான் வளர்கின்றன. விளிம்பில் குடியேறியவர்களுக்கு எப்போதும் ஒரு கணக்கெடுப்பு பாக்கி நிற்கிறது.

நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2011-இல் சென்னை மாநகராட்சி சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு விரிந்தது. வார்டுகள் 155-இலிருந்து 200 ஆயின. அந்த 200-இல் பழைய நகரத்துக்கு 107, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93. பழைய நகரத்தின் மக்கள்தொகை அந்த ஆண்டுக் கணக்குப்படி 46 லட்சத்துக்கும் மேல். சேர்ந்த பகுதிகளில் சுமார் 20 லட்சம். வகுத்துப் பாருங்கள்: பழைய நகரத்தில் ஒரு வார்டுக்குச் சராசரியாக 43,000 பேருக்கு மேல், புறநகரில் ஏறத்தாழ 21,500 பேர். புறநகர்வாசியின் ஒரு வாக்கு பழைய நகரத்தவரின் இரண்டு வாக்குகளுக்குச் சமமாக இருந்தது. 2011 அக்டோபரில் அந்த எல்லைகளோடு தேர்தல் நடந்து மன்றமும் அமைந்தது. ஊராட்சிகளைப் பற்றிய 243-சி பிரிவு, தொகுதிக்குத் தொகுதி மக்கள்தொகை விகிதம் கூடியவரை ஒன்றாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நகராட்சிகளைப் பற்றிய 243-ஆர் பிரிவில் அந்த வாசகம் இல்லை. மாநிலச் சட்டமும் விதிகளுமே அந்த இடத்தை நிரப்புகின்றன. கிராமத்தவருக்கு அரசியலமைப்பிலேயே எழுதித் தந்த சமத்துவத்தை நகரத்தவருக்கு ஏன் எழுதவில்லை என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு.

இப்போது வார்டு எப்படி வரையப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் எழுதும் மனுக்கள்தான் வீணாகின்றன.

அதிகாரி வரைபடத்தில் தமக்குப் பிடித்த இடத்தில் கோடு போடுவதில்லை. கணக்கெடுப்பின்போது ஊரைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 முதல் 150 வீடுகள், 600 முதல் 800 பேர். இதுதான் ஒரு கணக்கெடுப்பாளர் சுற்றி முடிக்கும் பகுதி. கணக்கெடுப்புத் தொகுதி என்று பெயர். அலுவலகத்தில் ‘ஈபி’ என்றே சொல்வார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் மொத்த மக்கள்தொகை எவ்வளவு, அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்ற எண்கள் இருக்கும். பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள் நான்கைந்தைச் சேர்த்தால் ஒரு வார்டு. கூட்டினால் சராசரிக்கு அருகில் வர வேண்டும், இடையில் துண்டிப்பு இருக்கக்கூடாது, முடிந்தவரை பெரிய சாலை, கால்வாய், ரயில் பாதை போன்றவை எல்லையாக அமைய வேண்டும். அடிப்படை வேலை இவ்வளவுதான். விஷமம் நடப்பதும் இங்கேதான். எந்த ஐந்து தொகுதிகளைச் சேர்ப்பது என்பதில் பல வழிகள் இருக்கும். எல்லா வழிகளிலும் கூட்டுத்தொகை சரியாக வரும். அவற்றில் ஒன்று ஒருவருக்கு வெற்றியைத் தரும்.

குடியிருப்பின் கணக்கை உங்கள் எண்களை வைத்தே போடுகிறேன். அங்கே 1,620 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் ஒரே வார்டில் இருந்தால், 3,000 பேர் கொண்ட வார்டில் 54 சதவீதம். மூன்றாகச் சமமாகப் பிரித்தால் வார்டுக்கு 540 பேர், அதாவது 18 சதவீதம். முதல் நிலையில் அவர்களை விட்டுவிட்டு யாரும் ஜெயிக்க முடியாது. இரண்டாவது நிலையில் அவர்களை விட்டுவிட்டுத் தாராளமாக ஜெயிக்கலாம்.

அதோடு முடியவில்லை. 243-டி (243T) பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கான வார்டுகளின் எண்ணிக்கை அவர்களுடைய மக்கள்தொகை விகிதத்தைப் பொறுத்தது. ஊரில் 18 சதவீதம் இருந்தால் 33-இல் ஆறு வார்டுகள். எந்த ஆறு? சுழற்சி விதிகளுக்கு உட்பட்டு, பட்டியல் சாதியினரின் விகிதம் அதிகமுள்ள வார்டுகளே முன்னுரிமை பெறும். 54 சதவீதமாக இருந்தால் அந்த வார்டு பட்டியலின் மேலே நிற்கும். மூன்று 18 சதவீதங்களாகச் சிதறினால் மூன்றுமே கீழே போய்விடும். தனி வார்டு வேறு எங்காவது அமையும், இந்த 1,620 பேரும் மூன்று பொது வார்டுகளின் ஓரத்தில் நிற்பார்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. தனி வார்டுகளிலும் அப்படியே. எனவே ஒரு குடியிருப்பைச் சிதறடிக்கும்போது, அங்கிருந்து மன்றத்துக்குப் போயிருக்கக்கூடிய ஒரு பெண்ணின் வாய்ப்பும் சேர்ந்து பறிபோகிறது.

கருத்துக் கேட்பில் அதிகாரிகள் இதற்கு ஒரு பதில் சொல்வதுண்டு: “மூன்று கவுன்சிலர்கள் உங்களுக்கு உழைக்க வேண்டியிருக்கிறதே, ஒருவரைவிட மூவர் நல்லதல்லவா?” கேட்க இதமாக இருக்கும். குடியிருப்புக்குள் போய், கழிவுநீர்க் கால்வாய் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று பாருங்கள். வாக்கில்லாதவர்களையும் சேர்த்து எண்ணிய 540 பேருக்காகக் கால்வாயை நீட்டிக்க யாருக்கும் அவசரம் வருவதில்லை.

ஆகவே உங்கள் முதல் வேலை மனு எழுதுவது அன்று. கணக்கெடுப்பு ஒழுங்காக நடக்கும்படி பார்த்துக்கொள்வது. ஆள் விடுபட்டால் எல்லை விடுபடும். நகரத்தில் பல குடும்பங்கள் “எங்களுக்குச் சொந்த ஊரில் கணக்கு இருக்கிறது” என்று சொல்லி கணக்கெடுப்பாளரை வாசலோடு அனுப்பிவிடுகின்றன. ரேஷன் அட்டை வேறு ஊரில் இருப்பதாலும் சிலர் தயங்குகிறார்கள். கணக்கெடுப்புக்கும் ரேஷன் அட்டைக்கும் தொடர்பில்லை. எங்கே வசிக்கிறார்களோ அங்கே எண்ணப்பட வேண்டும். வாடகை வீட்டுக்காரர், மாடியறையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளி, பாலத்தடியில் படுத்திருப்பவர், எல்லோரும் உங்கள் வார்டின் மக்கள்தொகைதான்.

குடியிருப்பில் இதைத் தனியாகச் சொல்லுங்கள்: சாதிப் பெயரைக் கேட்கும்போது அரசுப் பட்டியலில் உள்ள பெயரையே சொல்ல வேண்டும். பொதுவாக ‘அரிஜன்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. இன்னொன்றும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியாக எண்ணப்படுவார்கள். ஆதிதிராவிடக் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரே தெருவில், ஒரே வகை வீட்டில், ஒரே ஒதுக்கலை அனுபவித்தாலும் அந்த எண்ணில் வர மாட்டார்கள். இதை நான் நியாயம் என்று கருதவில்லை. ஆனாலும் கணக்கெடுப்பில் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். 1,620 என்று நீங்கள் எண்ணியது அரசின் தாளில் வேறு எண்ணாக வரக்கூடும் என்பதற்கு ஆயத்தமாக இருங்கள்.

அடுத்து, ஆவணங்கள். 2017-இல் தமிழ்நாடு மறுவரையறை ஆணையச் சட்டம் வந்து, மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமையில் ஆணையம் அமைந்தது. மாநிலம் முழுவதற்குமான வரைவுப் பட்டியல்கள் அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் வெளியாயின. ஆட்சேபம் தெரிவிக்க முதலில் கிடைத்தவை மிகச் சில நாட்களே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் வர முப்பது நாட்கள் ஆகும். கூட்டிப் பாருங்கள். வரைவு வந்த பிறகு விவரம் கேட்டால், விவரம் வருவதற்குள் கதவு மூடிவிடும். எனவே இப்போதே, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கேட்க வேண்டியவை: இன்றைய ஒவ்வொரு வார்டிலும் அடங்கும் கணக்கெடுப்புத் தொகுதிகளின் எண்கள், அவற்றின் 2011 மக்கள்தொகை, பட்டியல் சாதியினர் எண்ணிக்கை, வார்டுகளின் நான்கெல்லை விவரம், கடந்த மறுவரையறையில் உங்கள் ஊரிலிருந்து வந்த ஆட்சேபங்களும் அவற்றின் மீது எடுத்த முடிவுகளும். கடைசியில் கேட்டிருப்பது மிக முக்கியம். குடியிருப்பைப் பிரிக்காதீர்கள் என்று அப்போது யாராவது எழுதியிருந்தால், அதை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினார்கள் என்பது உங்கள் கைக்கு வரும். காரணமே சொல்லப்படவில்லை என்றால் அதுவும் உங்களுக்கு ஆதாரம். புதிய கணக்கெடுப்பின் எண்கள் வெளியானதும் இதே மனுவைப் புதிய எண்களுக்காக ஒருமுறை போடுங்கள்.

ஒரு நகராட்சியின் கருத்துக் கேட்புக்கு மனுதாரர்களோடு போயிருந்தேன். கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். பெரும்பாலான மனுக்கள் “பகுதி மக்களின் உணர்வுகளைக் கருத்தில் கொண்டு” என்று தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாங்கி அடுக்கிக்கொண்டே போனார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் பள்ளி நோட்டுத் தாளில் கட்டம் போட்டு, நான்கு வார்டுகளின் தொகுதி எண்களையும் ஒவ்வொன்றின் மக்கள்தொகையையும் எழுதி, எதை எங்கே மாற்றினால் நான்கும் வரம்புக்குள் நிற்கும் என்று கூட்டிக் காட்டினார். அதிகாரி நில அளவரை அருகில் அழைத்துச் சரிபார்க்கச் சொன்னார். ஒரு நிமிட மேசையில் அவருக்குக் கால்மணி நேரம் கிடைத்தது.

உங்கள் மனுவும் அப்படி இருக்க வேண்டும். “குடியிருப்பை 14-இல் சேர்க்கவும்” என்று மட்டும் எழுதினால், 14-ஆம் வார்டில் ஏற்கெனவே 3,120 பேர் இருக்க, 15-இலும் 17-இலும் உள்ள 1,080 பேரைச் சேர்த்தால் 4,200 ஆகிவிடும், வரம்பு மீறுகிறது என்று பதில் வரும். எனவே சேர்ப்பதோடு, எதை வெளியே விடுவது என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். மாதிரிக்கு இப்படி: “15, 17 ஆகிய வார்டுகளில் உள்ள குடியிருப்பின் பகுதிகளை 14-உடன் சேர்க்கவும். அதற்கு ஈடாக 14-இன் மேற்கு ஓரத்தில் உள்ள இரண்டு தொகுதிகளை, 560 பேர் உள்ளதை 15-க்கும் 540 பேர் உள்ளதை 17-க்கும் மாற்றவும். மாற்றிய பிறகு 14-இல் 3,100 பேர். 15-இல் 20 பேர் கூடுகிறார்கள், 17-இல் கூடுதல் குறைவில்லை. மூன்று வார்டுகளும் வரம்புக்குள் நிற்கின்றன. பிரதான சாலையே எல்லையாகிறது.” எண்கள் உங்கள் ஊருக்கு ஏற்ப மாறும். முறை இதுதான். தெருப் பட்டியலையும் கையால் வரைந்த வரைபடத்தையும் இணையுங்கள். புதிய எண்களை வைத்து வரையும்போது உங்கள் 14-ஆம் வார்டு எப்படியும் சுருங்கியாக வேண்டும், அதன் ஆள்கணக்கு வரம்பைத் தாண்டியிருக்கும். அந்தச் சுருக்கத்தில் எது உள்ளே, எது வெளியே என்பதுதான் பேச்சு. சராசரியும் மாறும், வார்டுகளின் மொத்த எண்ணிக்கையே மாறவும் கூடும். ஆகையால் இப்போது முழு வரைவு எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். தொகுதிகள் எவை, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் கைவசம் வைத்திருங்கள்.

இன்னொரு யோசனை, உங்களுக்குப் பிடிக்குமோ தெரியாது. குடியிருப்பைப் பற்றிய மனுவை நலச்சங்கம் தனியாக எழுதக்கூடாது. அங்குள்ளவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஒரே வார்டாக வேண்டும் என்பது நம் அனுமானமாக இருக்கலாம். அவர்களில் சிலருக்கு 17-ஆம் வார்டில் உள்ள உறவினர்களோடு இருப்பது முக்கியமாக இருக்கலாம். அவர்கள் ஒப்பினால் முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும், உங்கள் சங்கத்தின் கையெழுத்து அடுத்து வரட்டும்.

நீதிமன்றம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வழக்கறிஞனாக இருந்துகொண்டு சொல்கிறேன், அதை நம்பித் திட்டமிடாதீர்கள். நகராட்சி வார்டு மறுவரையறை தொடர்பான சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று 243-இசட்ஜி பிரிவு கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. ஊராட்சிகளுக்கான இதேபோன்ற தடையைப் பற்றி, உத்தரப் பிரதேச வழக்கொன்றில் 1995-இல் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு இடைவெளியைக் காட்டியது: ஆட்சேபம் கேட்காமலோ, ஆட்சேபித்தவர்களுக்கு வாய்ப்புத் தராமலோ வரையறை செய்திருந்தால் மட்டும் தலையிடலாம். அதுவும் தேர்தல் அறிவிக்கை வெளியான பிறகு முடியாது. 2024-இல் குஜராத்தின் பர்டோலி சட்டமன்றத் தொகுதி தொடர்பான வழக்கில், வரையறை ஆணை கண்கூடாகத் தன்னிச்சையானதாகவும் அரசியலமைப்பின் விழுமியங்களுக்கு ஒவ்வாததாகவும் இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இட ஒதுக்கீட்டில் அரசியலமைப்பையே மீறினால் நிலைமை வேறு. கோவாவில் மட்காவ், மாபுசா உள்ளிட்ட ஐந்து நகராட்சி மன்றங்களின் வார்டு ஒதுக்கீட்டு ஆணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு கூட முறையாகத் தரப்படவில்லை என்பது அங்கே ஒரு காரணம்.

இவற்றிலிருந்து உங்களுக்குத் தேவையானது இவ்வளவே. நீங்கள் ஆட்சேபம் எழுதித் தந்திருந்தால்தான், அதைக் கேட்கவில்லை என்று பிறகு முறையிட முடியும். எழுதாமல் இருந்துவிட்டுத் தேர்தல் அறிவித்ததும் என்னைப் போன்றவர்களிடம் ஓடி வந்தால், நாங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காகிதம் தட்டச்சு செய்யலாம். பலன் இருக்காது.

வழக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மறுவரையறை, தேர்தலைத் தள்ளிப்போட நினைப்பவர்களுக்கு வசதியான சாக்கு. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் முடிந்த நகர்ப்புற மன்றங்களுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் ஐந்தாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். பெங்களூரில் மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 198 வார்டுகள் 2022-இல் 243 ஆயின, 2023-இல் 225 ஆயின, 2025-இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது. அவ்வளவு காலமும் நகரத்துக்குக் கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லை. மறுவரையறை முடியவில்லை என்பதைக் காட்டித் தேர்தலைத் தள்ளக்கூடாது என்று 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. கோணலான வார்டோடு நடக்கும் தேர்தல், நேரான வார்டுக்காகக் காத்துக் கிடக்கும் தனி அலுவலர் ஆட்சியைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மனு எதுவும் தேர்தலை நிறுத்தச் சொல்வதாக இருக்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் தெரு. இதற்கு மறுவரையறை வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாக்கள் அமைய வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. உங்கள் தெருவின் குழாய்ப் பாதை, விளக்குகள், கால்வாய் ஆகியவற்றின் பராமரிப்புப் பொறுப்பு முழுவதையும் ஒரே பிரிவு அலுவலரிடம் தர வேண்டும் என்று 14, 15 இரண்டு வார்டுகளின் பகுதி சபாக்களிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு ஆணையருக்கு அனுப்புங்கள். வார்டு எல்லையும் பராமரிப்புப் பொறுப்பும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பொறியாளர் ஒரு தெருவை ஒரே ஆளிடம் ஒப்படைக்கத் தடையில்லை. இரண்டு கவுன்சிலர்களையும் ஒரே நாளில் தெருவுக்கு அழைத்து, உடைந்த குழாயின் முன் நிறுத்திக் கேளுங்கள்.

மனுக்களை நகராட்சி ஆணையர், மாவட்ட ஆட்சியர் இருவரிடமும் தர வேண்டும். வரைவு அறிவிப்பில் வேறு அதிகாரியின் பெயர் இருந்தால் அவரிடமும் ஒரு பிரதி. நேரில் தந்தால் உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். தபாலில் அனுப்பினால் விரைவுத் தபாலில், பதிவு வசதியும் ஒப்படைப்புச் சான்றும் கேட்டு அனுப்புங்கள். சங்கத்தின் பெயரில் ஒன்று, குடியிருப்பைச் சேர்ந்த தனி நபர்கள் பெயரில் குறைந்தது மூன்று என்று தாருங்கள். சங்கத்துக்குத் தகுதியில்லை என்று ஒன்றைத் தள்ளினாலும் மற்றவை நிற்கும். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்ததும் தொகுதிப் பட்டியலின் நகலை எனக்கு அனுப்புங்கள், கூட்டல் கழித்தலைச் சேர்ந்தே சரிபார்ப்போம்.